செங்குன்றம் போன ரயிலும் காவிரிக்கு வந்த துரையும்

தாராசுரத்துக்காரர்களிடம் வண்டி வாகனம் பற்றிப் பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். எங்கள் ஐராவதேசுவரர் கோயிலில் இரண்டாம் ராஜராஜன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு மண்டபம் எடுத்தான். அதற்குச் சக்கரம் உண்டு, இழுக்கக் குதிரை உண்டு, ஏற யானைப் படி உண்டு. புறப்பாடு மட்டும் கிடையாது. எண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனாலும் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வண்டி என்றால் ஓடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? ரயில் நிலையமும் எங்களுக்கு உண்டு. பாசஞ்சர் வண்டிகள் மரியாதையாக நின்று போகும். பெரிய வண்டிகள் கும்பகோணத்தில் ஏதோ பந்தி முடிந்துவிடும்போல எங்களைத் தாண்டிப் பறக்கும்.

நகராத வண்டிகளின் சரித்திரம் எழுத எங்களைவிட யோக்கியதை யாருக்கு உண்டு? அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்தது, இந்தியாவின் முதல் ரயில் 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்குப் போனது என்பது. பதினாலு பெட்டி, நானூறு விருந்தாளிகள், இழுக்க மூன்று இன்ஜின், வழியனுப்ப இருபத்தொரு குண்டு முழக்கம். முப்பத்துநாலு கிலோமீட்டர் போய்ச் சேர்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். தாணாவில் யாருக்கும் எந்த வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் பஸ் பிடித்துப் போனதைப் போக்குவரத்துச் சரித்திரத்தில் சேர்ப்பார்களா? பம்பாய்க்காரர்கள் சேர்த்துவிட்டார்கள்.

அவர்களுக்குப் பதினாறு வருஷம் முன்னாலேயே, 1837-ல், சென்னைக்கு வடமேற்கே செங்குன்றத்தில் தண்டவாளம் போட்டு வண்டி ஓட்டியாயிற்று. நீராவி இன்ஜினும் இருந்தது. விருந்தாளிகள்தான் இல்லை. பெட்டிக்குள் இருந்தது கல். கல்லுக்குக் கைதட்டத் தெரியாது, பத்திரிகையில் பேட்டி கொடுக்கவும் தெரியாது. அதனால் முதல் பயணி ரயில் என்ற பட்டம் நியாயமாகவே பம்பாய்க்குப் போயிற்று. முதல் ரயில் என்ற பட்டமும் கூடவே ஒட்டிக்கொண்டு போனதைத்தான் நாம் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. செங்குன்றத்து ரயிலுக்குச் சிபாரிசு செய்ய ஆளில்லை, ஏனென்றால் அதைப் போட்ட ஆசாமியே பிற்காலத்தில் ரயிலைக் கண்டால் எரிந்து விழுகிறவராகப் போய்விட்டார்.

அந்த ஆசாமி காவிரிக் கரைக்காரர்களுக்கு ஒன்றும் அந்நியர் இல்லை. ஆர்தர் காட்டன். 1803-ல் பிறந்தவர், பதினோரு பிள்ளைகளில் பத்தாவது. அந்த இடத்தில் பிறந்தவனுக்குப் பாகப்பிரிவினையில் விடியும் என்று காத்திருக்க முடியாது. பதினெட்டு வயதில், 1821-ல், சென்னைக்குக் கப்பல் ஏறி வந்து கம்பெனியின் எஞ்சினீயர் படையில் சேர்ந்தார்.

அப்போது நம் பக்கத்தில் காவிரியின் நிலைமை சரியில்லை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரியும். கொள்ளிடம் பள்ளம், ஓட்டம் அதிகம், கடலுக்குக் குறுக்கு வழி. காவிரி மேடு, மண் ஏறிப்போன படுகை, வளைந்து நெளிந்து ஊர் ஊராகப் போக வேண்டிய கடமை. தண்ணீருக்கும் மனிதப் புத்திதான். கடமை ஒரு பக்கம், குறுக்கு வழி ஒரு பக்கம் என்றால் அது எந்தப் பக்கம் போகும்? வருஷத்துக்கு வருஷம் கொள்ளிடம் கொழுத்தது, தஞ்சாவூர் வயல் காய்ந்தது. வயல் காய்ந்தால் கிஸ்தி வராது. கிஸ்தி வராவிட்டால் கம்பெனிக்குக் காவிரித் தாயின் மேல் திடீரென்று பக்தி வந்துவிடும்.

காட்டனை அனுப்பினார்கள். ஆற்று மணலில் அணை கட்ட வேண்டும். அடியில் பாறை கிடையாது, தோண்டத் தோண்ட மணல். இங்கிலாந்தில் படித்த பாடத்தில் இதற்கு விடை இல்லை. துரை நேரே போய்க் கல்லணையைப் பார்த்தார். கரிகாலன் பெயரில் வழங்கும் அந்த அணையில் பெருங்கல்லை மணலில் இறக்குவது, அது புதைவது, அதன் மேல் இன்னொன்று இறக்குவது, இடுக்கில் களிமண் என்று காரியம் நடந்திருந்தது. பார்த்து எழுதினார், பார்த்து எழுதினேன் என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார். பரீட்சையில் பார்த்து எழுதுகிறவர்களில் இந்த ரகம் அபூர்வம். 1836-ல் முக்கொம்பில் மேலணை, கும்பகோணத்துக்கு வடக்கே அணைக்கரையில் கீழணை, இரண்டும் எழுந்தன. மருந்து கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தது. காவிரிக்குள் தண்ணீர் இப்படிப் பாய்கிறதே என்று சில வருஷம் கழித்து அதன் தலைப்பிலும் ஒரு தடுப்பைப் போட்டு அடக்க வேண்டி வந்தது. அது வேறு கதை.

அதே 1836-ல், ஆற்றை அடக்கிய இந்தக் கேப்டனுக்கு முன்னால் சென்னை தன் பிரச்சினையை வைத்தது. ரோடு.

சென்னைப் பட்டணம் உட்கார்ந்திருப்பது கடற்கரை மணல். ரோடு போடக் கப்பி வேண்டும். செங்குன்றத்தில் செம்புறாங்கல் இருக்கிறது, வெட்டுவது சுலபம், கொண்டுவருவதுதான் கஷ்டம். கல் வருகிற வழியில் ரோடு இல்லை. ரோடு போடத்தான் கல். கல் கொண்டுவர ரோடு வேண்டும். இதற்குப் பிறகு எத்தனையோ அரசாங்கங்கள் வந்துவிட்டன, இந்த வட்டத்துக்கு வெளியே யாரும் வந்ததாக எனக்கு நினைவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றினால் சக்கரம் மணலில் புதைகிறது. பாதிக் கல் சென்னைக்கு வருவதற்குள் மாடு பாதி ஆகிவிடுகிறது.

ரயில் போடலாம் என்ற பேச்சு சென்னையில் 1832-லேயே கிளம்பியிருந்தது. இன்றைக்கு ரயிலைப் பற்றி எழுதுகிற புத்தகங்கள் சில அந்த வருஷத்தில்தான் இந்திய ரயிலின் ஜாதகத்தைத் தொடங்குகின்றன. பேச்சு நாலு வருஷம் நடந்தது. நம் ஊர்க் கணக்கில் அது வேகம்தான்.

முதலில் ஒரு சாம்பிள் காட்டினார்கள். 1836-ல் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச தூரம் இரும்புப் பாதை போட்டு, அதன் மேல் ஒரு வண்டியை நிறுத்தி, எவ்வளவு பாரம் ஏற்றினாலும் எவ்வளவு லேசாக நகர்கிறது பாருங்கள் என்று ஊரைக் கூட்டினார்கள். போய்ப் பார்க்க வேண்டிய சங்கதி என்று அன்றைய சென்னைப் பத்திரிகையும் சிபாரிசு செய்தது. ஆக, இந்த ரயிலின் உல்லாசப் பயண அத்தியாயம் இவ்வளவுதான். ஜனங்கள் பயணம் செய்து ரயிலைப் பார்க்கப் போனார்கள், ரயில் யாரையும் எங்கும் கொண்டுபோகவில்லை. டிக்கெட் இல்லாததால் யாருக்கும் நஷ்டமும் இல்லை.

சிந்தாதிரிப்பேட்டை என்பது கம்பெனி 1730-களில் நெசவாளர்களைக் குடிவைக்க உண்டாக்கிய பேட்டை. தாராசுரமும் தறி ஓடுகிற ஊர் என்பதால் அந்தக் கூட்டத்தை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. தறியில் உட்கார்ந்தவன் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் கையும் காலும் ஓடும், ஆள் அதே குழியில்தான் இருப்பான். ஓரிடத்தில் இருந்துகொண்டே ஓடுவது அவனுக்குப் புதிதில்லை. நம்மூர் ஆசாமி ஒருவர் சந்தைக்குப் போன இடத்தில் அந்தக் கூட்டத்தில் தலையை நீட்டியிருந்தால் கேட்டிருப்பார்:

“தேர் இருக்கு, பாதை இருக்கு. சாமி எங்கேங்க?”

“சாமி இல்லைய்யா. கல்லு ஏத்தப் போறாங்களாம்.”

“கல்லா? கல்லை எதுக்குத் தேர்ல வைச்சு இழுக்கணும்? எங்க ஊர்ல கல்லுலயே தேர் செஞ்சு வச்சிருக்கோம். இழுக்கறதும் இல்லை.”

இதை ஒரு தொழில்நுட்ப ஆட்சேபணையாக எடுத்துக்கொள்ளாமல் காட்டன் மேலே போனார். 1837-ல் செங்குன்றத்துப் பாதை தயார். இப்போதுதான் நம் கதாநாயகன் வருகிறான்: இன்ஜின்.

நீராவி இன்ஜின் என்றதும் சினிமாவில் பார்த்தபடி, உருளைக்குள் பிஸ்டன் போய் வர, சக்கரத்தோடு கட்டிய இரும்புத் தண்டு மடங்கி நிமிர, குப் குப் என்று புகை விடும் உருவம் உங்கள் மனதில் வந்திருக்கும். இங்கிலாந்தில் ஸ்டீபன்ஸன் 1829-லேயே ராக்கெட் என்ற இன்ஜினை ஓட்டிக் காட்டி, இதுதான் வழி என்று தீர்த்துவைத்திருந்தார். உலகம் முழுக்க அந்த வழியில் போய்க்கொண்டிருந்தது. சென்னை அந்த வழியில் போகவில்லை. செங்குன்றத்தில் ஓடியது சுழல் இன்ஜின். வில்லியம் ஏவரி என்ற அமெரிக்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ரகம். 1831-ல் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்.

அதில் பிஸ்டன் கிடையாது. ஓர் இரும்புக் கூட்டுக்குள் உள்ளே துளையுள்ள அச்சு. அச்சிலிருந்து இரண்டு பக்கமும் நீண்ட இரண்டு குழல் கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. கொதிகலனிலிருந்து நீராவியை அச்சுக்குள் விட்டால் அது கைகள் வழியாக ஓடி நுனித் துளையில் பீறிட்டு வெளியே வரும். வருகிற உதையில் கை எதிர்ப்பக்கம் சுழலும். தீபாவளிக்கு நாம் தரையில் விடுகிற சங்குசக்கரம் வேறு என்ன செய்கிறது? அதேதான், மருந்துக்குப் பதில் ஆவி. தத்துவமும் புதிதில்லை. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் ஹீரோ என்று ஒருவர் இருந்தார். சண்டை போடுகிற ஹீரோ இல்லை, அவர் பெயரே அது. அவரே ஒரு செப்பு உருண்டையை இப்படி ஆவியில் சுற்றவிட்டு விளையாடியிருக்கிறார். அவர் அதை வைத்துக் கல் ஏற்றவில்லை, புத்திசாலி.

சங்குசக்கரத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். சுற்றினால் அசுர வேகத்தில் சுற்றும், மெதுவாகச் சுற்று என்றால் அணைந்துவிடும். ரயிலுக்கு வேண்டியதோ நேர் எதிர். நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு மெல்ல நகர வேண்டும். கைகள் வேகமாகச் சுற்றுகிற போதுதான் ஏவரி இன்ஜினுக்குப் பலம். ஆகவே தலைதெறிக்கச் சுற்றுகிற அச்சுக்கும் அன்ன நடை போட வேண்டிய வண்டிக்கும் நடுவில் பற்சக்கரங்களை வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைக்கிற இடத்திலெல்லாம் தேய்மானம், தேய்கிற இடத்திலெல்லாம் சத்தம். அச்சும் கூடும் சந்திக்கிற இடத்தில் ஆவி கசியாமல் அடைக்க வேண்டும். இறுக்கி அடைத்தால் சுற்றாது, தளர்த்தினால் ஆவி வெளியே. குடிக்கிற ஆவியோ பிஸ்டன் இன்ஜினைவிட அதிகம், செய்கிற வேலை குறைவு. பின்னால் போக வேண்டுமா? துளை ஒரு பக்கம்தான் பார்த்திருக்கிறது. பின்னால் போவதற்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும். போட்டவர்கள் மேலே பழி இல்லை. அமெரிக்காவில் மர அறுவை ஆலைகளில் இதே இன்ஜின் கொஞ்ச நாள் ஓகோ என்று ஓடியது. மரம் அறுக்க ஒரே பக்கம், ஒரே வேகம் போதும். அங்கேயும் அதன் கூச்சலைப் பொறுக்க முடியாமலும் பழுதைத் தாங்க முடியாமலும் பிறகு கைவிட்டார்கள்.

இப்படி ஒன்றைப் பாரவண்டிக்கு முன்னால் பூட்டிச் செங்குன்றத்தில் விட்டதைத்தான் இந்தியாவின் முதல் நீராவி ரயில் என்கிறோம். எனக்கு இதில் வெட்கம் எதுவும் இல்லை. முதல் தோசை வட்டமாக வருமா என்ன?

அந்தப் பாதையின் ஆயுள் ஒரு மாமாங்கம்கூட இல்லை. 1840-களின் நடுவிலேயே கதை முடிந்துவிட்டது. மேலணையைப் பாருங்கள். அதே மனிதர், அதே காலம். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போகும் வரை நூற்றெண்பத்திரண்டு வருஷம் நின்றது. போனபோது தமிழ்நாடே தொலைக்காட்சியில் உட்கார்ந்து பார்த்தது. நகராமல் இருக்கக் கட்டியது நகர்ந்தபோது செய்தியானது. நகரக் கட்டியது நின்றுபோனதை யாரும் செய்தியாக எழுதவில்லை.

காட்டன் சும்மா இருக்கவில்லை. அடுத்து கோதாவரிக்குப் போனார். தவளேஸ்வரத்தில் அணை கட்டக் கல் வேண்டும், கல் கொண்டுவரப் பாதை வேண்டும். 1845-ல் அங்கும் ஒரு கட்டுமான ரயில் போட்டார். 1851-ல் வடக்கே ரூர்க்கி பக்கம் கங்கைக் கால்வாய்க்குச் சோலானி ஆற்றின் மேல் பாலம் கட்டும்போதும் மண் சுமக்க ஓர் இன்ஜின் வந்தது. அது சில மாதங்களிலேயே பாய்லர் வெடித்துப் போய்ச் சேர்ந்தது. இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் பம்பாய்க்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம் புலப்படும். ரயில் இந்தியாவுக்குள் மகாராஜாவாக வரவில்லை. சித்தாளாக வந்தது. ஒரு ஊரில் ரோட்டுக்குக் கல் சுமந்தது, ஒரு ஊரில் அணைக்குக் கல் சுமந்தது, ஒரு ஊரில் கால்வாய்க்கு மண் சுமந்தது. நன்றாக வேலை தெரிந்துகொண்ட பிறகு மேஸ்திரியைத் தள்ளிவிட்டுத் தானே முதலாளி ஆகிவிட்டது.

காட்டனுக்குக் கோபம் வந்ததும் இங்கேதான். 1854-ல் புத்தகம் எழுதினார். அப்புறம் உயிர் இருக்கும்வரை எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார். 1870-களில் லண்டன் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்தும் அதையே சொன்னார். இந்தியாவுக்கு வேண்டியது ரயில் இல்லை, கால்வாய். படகு போகிற கால்வாயாக வெட்டினால் வயலுக்கும் தண்ணீர், நெல்லுக்கும் வண்டி. செலவும் ரயிலில் ஒரு சின்னப் பங்குதான். கங்கையிலிருந்து காவிரி வரை ஆறுகளைக் கால்வாயால் இணைக்க வேண்டும் என்கிற ஆசை தேர்தல் தோறும் புதிதாகப் பிறக்கிறதே, அதன் கொள்ளுத் தாத்தா இந்தத் துரைதான். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்கூடப் பஞ்ச காலத்தில் இந்தியாவின் பாசனத்துக்காக அவர் பக்கம் நின்று எழுதினார். விளக்கேந்திய சீமாட்டி சிபாரிசு செய்தும் நடக்கவில்லை.

நடக்காததற்குக் காரணம் சுழல் இன்ஜினைவிடப் புத்திசாலித்தனமான ஒரு யந்திரம். அதற்குப் பெயர் ஐந்து சதவீதம். இந்தியாவில் ரயில் போடும் கம்பெனியில் லண்டன்காரர் யார் பணம் போட்டாலும் வருஷம் ஐந்து சதவீத வட்டிக்குச் சர்க்கார் ஜவாப்தாரி. ரயில் லாபத்தில் ஓடினால் நல்லது. நஷ்டத்தில் ஓடினால் அதற்கும் இந்தியர் கட்டிய வரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சீட்டுக் கம்பெனி ஓடிப்போய் ஏமாந்த நம் ஜனங்கள் இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடலாம். இப்படி ஒரு சீட்டு இருந்தால் கால்வாயில் எவன் பணம் போடுவான்? சிக்கனமாக ரயில் போட வேண்டும் என்றுதான் எவனுக்குத் தோன்றும்?

இந்தச் சீட்டின் பலன் நம் ஜில்லாவுக்கும் வந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்று பெயரிலேயே அரை மைல் நீளமுள்ள கம்பெனி, 1861-62-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு அகலப் பாதை போட்டது. போகிற வழி திருவாரூர், நீடாமங்கலம். கும்பகோணம் கிடையாது. மகாமகக் குளமும் வெற்றிலையும் பாத்திரமும் பட்டும் கோயிலுக்குக் கோயிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊரை விட்டுவிட்டு ரயில் வயல்வெளியில் போயிற்று. ரயில் வரைபடத்தில் கோடு கிழித்தவர் கும்பகோணத்து டிகிரி காபி குடித்ததில்லை என்பது நிச்சயம். அது அப்புறம் வந்த சமாசாரம்.

பிறகு 1870-களில் சர்க்காருக்குச் சிக்கன புத்தி வந்தது. இவ்வளவு அகலம் எதற்கு, மீட்டர் பாதை போதும் என்றார்கள். 1874-ல் கம்பெனி சவுத் இந்தியன் ரயில்வே ஆயிற்று, 1875 வாக்கில் அகலத்தைப் பிடுங்கிவிட்டு மீட்டராக்கினார்கள். அந்தப் புத்தி மாறி, இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பித்து மீட்டரைப் பிடுங்கிவிட்டு மறுபடி அகலமாக்கினார்கள். அதாவது 1861-ல் எங்கே இருந்தோமோ அங்கே வந்து சேர நூற்றுச் சொச்சம் வருஷம். மெயின் லைன் என்கிற கும்பகோணம், மாயவரம் வழிப் பாதை 1870-களின் பிற்பகுதியில்தான் வந்தது. தாராசுரம் அப்போதுதான் புகை பார்த்தது.

புகை வந்ததும் நடந்தது எந்தத் துரையின் கணக்கிலும் இல்லாதது. ரயில் என்றால் சரக்கு, கூடவே பட்டாளம், அதற்கப்புறம் துரைமார்கள் என்றுதான் திட்டம். சுதேசிகள் ஜாதி ஆசாரம் பார்ப்பார்கள், பக்கத்தில் யாரென்று தெரியாமல் ஒரே பலகையில் உட்கார மாட்டார்கள், காசும் கிடையாது என்று மேதாவிகள் எழுதி வைத்திருந்தார்கள். சுதேசிகள் படிக்கவில்லை. மூட்டை, சொம்பு, கட்டுச்சோறு, பாட்டி சகிதம் மூன்றாம் வகுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பயணிகள் வருமானத்தில் பெரும் பகுதி அந்தப் பலகையிலிருந்துதான் வந்தது. திருவிழா என்றால் கேட்க வேண்டாம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாசியில் மகாமகம் வந்தால் கும்பகோணம் போகிற ஸ்பெஷல் வண்டிகளில் ஒருவர் காலை வெளியே வைத்தால் அதை உள்ளே எடுக்க இன்னொருவர் இறங்க வேண்டும். புளியோதரை வாசனையும் கரிப்புகையும் கலந்த ஒரு காற்று தாராசுரத்தின் மேல் வீசும். உல்லாசப் பயணம் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. புண்ணியத்துக்குப் போகிறோம் என்றார்கள். பாவம் போக்கிக்கொண்டு திரும்பி வரும்போது பாத்திரக் கடையில் ஒரு குடமும் வாங்கி வந்தார்கள்.

நீராவி அப்படி நூறு வருஷத்துக்கு மேல் நம்மை ஏற்றி இறக்கிவிட்டு ஓய்ந்தது. ஓய்ந்த பிறகுதான் அதற்கு மரியாதை. சும்மா நின்றிருந்த பழைய இன்ஜின்களைத் துடைத்து உல்லாச ரயில் விடுகிற வழக்கம் வந்தது. கல்கத்தாப் பக்கத்துக் கிழவிகள் இரண்டு பேர் இதில் பிரசித்தம், இரண்டும் 1855-ல் லீட்ஸ் நகரத்தில் பிறந்தவை. ஒருத்தி ஃபேரி குவீன். 1997-ல் டில்லியிலிருந்து அல்வாருக்குச் சுற்றுலாப் பயணிகளை இழுக்க ஆரம்பித்து, ஓடுகிற இன்ஜின்களிலேயே மூத்தது என்று கின்னஸில் ஏறினாள். 2011-ல் அவள் உடம்பிலிருந்து பாகங்கள் களவு போய்விட்டன. நகை போட்டுக்கொண்டு கிழவி தனியாக நின்றால் என்ன ஆகும் என்று எந்தத் தஞ்சாவூர்க்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். வைத்தியத்துக்கு அவளைக் கொண்டுவந்தது நம் பெரம்பூர் பட்டறைக்கு. இன்னொருத்தி ஈ.ஐ.ஆர். 21. நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றவளைப் பெரம்பூர்க்காரர்கள் வாங்கி, பிரித்து, பூட்டி, 2010 ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓட்டிக் காட்டினார்கள். ஊரே திரண்டு போட்டோ எடுத்தது. பின்னால் எழும்பூர், கோடம்பாக்கம் என்று விழா நாட்களில் அவ்வப்போது உலாவ விட்டார்கள். நூற்றைம்பது வருஷத்து இன்ஜினை மறுபடி ஆவி பிடிக்க வைப்பது லேசான காரியம் இல்லை. அந்தப் பட்டறைக்காரர்களுக்கு என் வந்தனம். என் குறை ஒன்றுதான். வங்காளத்தில் வேலை பார்த்த கிழவிக்குச் சென்னையில் இத்தனை சீர். பெரம்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் செங்குன்றத்தில் பிறந்து செத்த நம் சொந்தக் குழந்தைக்கு ஒரு திவசம் கிடையாது.

காட்டனுக்கு மட்டும் மேலுலகத்தில் ஒரு திருப்தி இருக்கும். 1899-ல், தொண்ணூற்றாறு வயதில் போனார். கோதாவரிக் கரையில் ஊருக்கு ஊர் சிலை வைத்திருக்கிறார்கள், குதிரை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ரயிலுக்கும் தண்ணீருக்கும் நடந்த அவருடைய வழக்கில் நாடெங்கும் ரயில்தான் ஜெயித்தது. தீர்ப்பு மாறிப்போன ஒரே ஊர் செங்குன்றம். 1870-களிலிருந்து சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஏரியாக அந்த ஊர் நிலைத்துவிட்டது. கோடையில் தலைப்புச் செய்தியில் அந்த ஏரியின் கொள்ளளவு வரும். தண்டவாளம் பற்றி ஒரு வரி வராது.

இதைப் படித்துவிட்டு இந்தியாவின் முதல் ரயில் ஓடிய இடத்தைப் பார்த்தே தீருவது என்று யாருக்காவது ஆவேசம் வந்தால், தாராசுரத்திலிருந்து வழி சொல்கிறேன். கும்பகோணம் போய் ராத்திரி வண்டி பிடித்து எழும்பூரில் இறங்குங்கள். ஸ்டேஷனில் செங்குன்றத்துக்கு டிக்கெட் கேட்டுக் கௌண்டர்காரரை வதைக்காதீர்கள். செங்குன்றத்தில் ரயில் நிலையம் கிடையாது. வெளியே வந்து பஸ்ஸில் ஏறுங்கள். ஜன்னல் ஓரம் கிடைத்தால் உட்காருங்கள். ரோடு, காட்டன் ஆசைப்பட்ட மாதிரியே, நன்றாகப் போட்டிருக்கிறார்கள். நெரிசலில் மாட்டாவிட்டால் ஒன்றரை மணி நேரம். மாட்டினால் மாட்டு வண்டிக் காலத்துக் கணக்கு.